கல்வியா, பயிற்சியா? இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களும் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளும் (1913–1971)

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971 ஏப்ரல் 1 வரை, கடுமையான அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகள் சட்டப்படி பள்ளிக்கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு உள்ளாட்சி மன்றங்களின் சுகாதாரத்துறை நடத்திய பயிற்சி மையங்களே பகல்நேரப் புகலிடமாக இருந்தன. ‘கல்வி’ என்றும் ‘பயிற்சி’ என்றும் இருவகைப்படுத்திய இவ்வெல்லைக்கோடு எவ்வாறு தோன்றியது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக எவற்றால் நிலைபெற்றது, எவ்வாறு அழிந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. குழந்தைகளின் இயல்பைக் காட்டிலும் நிதி, நிருவாகம், அளவீடு ஆகியவற்றின் தேவைகளே அக்கோட்டை வரைந்தன என்பதும், அக்கோட்டின் கீழ்ப்புறத்தில் இயங்கிய பயிற்சி மையங்களின் அன்றாடப் பணியே அதனை அழிக்கும் சான்றுகளுள் ஒன்றாயிற்று என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: அறிவுசார் குறைபாடு, உள்ளாட்சி மன்றம், பயிற்சி மையம், சிறப்புக்கல்வி, நுண்ணறிவு ஈவு, 1913 மனக்குறைபாட்டுச் சட்டம், 1970 கல்விச் சட்டம்.

முன்னுரை

ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிப்பதும், தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டக் கற்றுக்கொடுப்பதும் ஒரே செயலின் இருநிலைகளா, அன்றி வெவ்வேறு செயல்களா? இவ்வினாவிற்கு இங்கிலாந்துச் சட்டம் நெடுங்காலம் ஒரே விடையைக் கூறி வந்தது. முன்னது கல்வி, அது கல்வித்துறையின் பொறுப்பு. பின்னது பயிற்சி, அது முதலில் மனக்குறைபாட்டுக் குழுவின் பொறுப்பாகவும், பின்னர்ச் சுகாதாரத்துறையின் பொறுப்பாகவும் அமைந்தது. எந்தக் குழந்தை எந்தத் துறைக்குரியது என்பதை ஒரு மருத்துவ அலுவலரின் அறிக்கை தீர்மானித்தது.

இவ்வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். டி. ஜி. பிரிச்சர்டு 1963இல் வெளியிட்ட நூல், ஊனமுற்றோர் கல்வியின் வரலாற்றைப் பெரும்பாலும் மனிதநேய முன்னேற்றத்தின் கதையாகக் கண்டது. ஜே. எஸ். ஹர்ட் 1988இல் எழுதிய நூலில் அம்முன்னேற்றக் கதை ஐயத்திற்குள்ளாயிற்று. மேத்யூ தாம்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மனக்குறைபாடு என்பது அரசியலும் சமூகக் கொள்கையும் மோதிய களமாக இருந்தமையை நிறுவியது. தாம்சனின் ஆய்வு 1959உடன் நிறைவுறுகின்றது. அதற்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளே உள்ளாட்சிப் பயிற்சி மையங்கள் விரிவடைந்த காலமும், அவை குழந்தைகள்மீதான பொறுப்பை இழந்த காலமுமாகும். ஆகவே அக்காலப்பகுதி இங்குச் சிறப்பாகக் கருதப்படுகின்றது.

சொல்லாட்சி

இன்று பிரித்தானியாவில் ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ எனும் தொடர் அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கின்றது. தமிழில் ‘கற்றல் குறைபாடு’ எனும் சொல் பெரும்பாலும் டிஸ்லெக்சியா போன்று, படித்தல் எழுதுதல் ஆகியவற்றில் மட்டும் தோன்றும் இடர்ப்பாட்டைச் சுட்டுகின்றது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின் பொருள் திரியும். எனவே இக்கட்டுரை ‘அறிவுசார் குறைபாடு’ எனும் வழக்கையே மேற்கொள்கின்றது. அக்காலச் சட்டங்களில் இடம்பெற்ற ‘இடியட்’, ‘இம்பெசில்’, ‘ஃபீபிள்-மைண்டட்’ முதலிய சொற்கள் இன்று வசைச்சொற்கள். அன்று அவை அரசுப் படிவங்களில் நிரப்பப்பட்ட வகைப்பெயர்கள். வரலாற்றுத் தேவை கருதியே அவை ஈண்டு எடுத்தாளப்படுகின்றன.

எல்லைக்கோட்டின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்குழந்தைகளுக்கான நிறுவனங்கள் பெரும்பாலும் அறக்கொடையால் நடந்தன. சர்ரே மாவட்டத்தில் 1855இல் திறக்கப்பட்ட எர்ல்ஸ்வுட் காப்பகம் அவற்றுள் புகழ்பெற்றது. ஜான் லாங்டன் டவுன் 1858 முதல் 1868 வரை அங்கு மருத்துவக் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் 1866இல் எழுதிய கட்டுரையே பிற்காலத்தில் ‘டவுன் நோய்க்குறித்தொகுதி’ எனும் பெயர் வழங்கக் காரணமாயிற்று. பொதுவரிப் பணத்தில் குழந்தைகளுக்கென ஏற்பட்ட முன்னோடி நிறுவனமாகப் பெருநகரக் காப்பக வாரியம் 1878இல் கென்ட் மாவட்டத்தின் டேரன்த் என்னுமிடத்தில் திறந்த பள்ளியைக் குறிப்பிடலாம்.

எனினும் எல்லைக்கோடு காப்பகத்தில் பிறக்கவில்லை, பள்ளியில் பிறந்தது. 1862ஆம் ஆண்டின் திருத்திய விதித்தொகுப்பு, தொடக்கப்பள்ளிகளுக்கான அரசு மானியத்தை மாணவர் வருகையுடனும், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் ஆண்டுதோறும் நடந்த தேர்வுடனும் பிணைத்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வாரியங்களை ஏற்படுத்தியது. 1880இல் ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்குப் பள்ளி வருகை கட்டாயமாயிற்று. இவ்விரண்டும் இணைந்தபோது முன்பு எவர் கண்ணிலும் படாத ஒரு சிக்கல் வகுப்பறையில் வெளிப்பட்டது. முதல் வகுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட குழந்தை ஆசிரியருக்குச் சுமையாகவும், பள்ளிக்கு நிதியிழப்பாகவும் கருதப்பட்டது. வயலிலும் வீட்டிலும் தன்னால் இயன்ற வேலையைச் செய்துகொண்டிருந்த குழந்தையை, எல்லாரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடே குறையுடையவராக ஆக்கியது எனலாம்.

லெஸ்டர் நகரிலும் லண்டனிலும் 1892இல் சிறப்பு வகுப்புகள் தொடங்கின. 1899ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வகுப்புகளை நடத்தப் பள்ளி அதிகாரிகளுக்கு உரிமை வழங்கியது. 1914இல் அது கடமையாக்கப்பட்டது. இச்சிறப்பு வகுப்புகள் ஒரு பிரிவினருக்கு வாயில் திறந்தன. ஆயின் அவ்வாயிலுக்குள் நுழையத் தகுதியுடையவர் யார் என்னும் வினா எழுந்தவுடன், தகுதியற்றவர் எனும் மற்றொரு பிரிவும் உடன்தோன்றியது.

1913ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளாட்சியின் பொறுப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபுமேம்பாட்டியல் எண்ணங்கள் அறிவாளரிடையே பரவியிருந்தன. மேரி டெண்டி 1902இல் செஷயர் மாவட்டத்தின் சாண்டில்பிரிட்ஜில் நிறுவிய குடியிருப்புப் பள்ளி, இக்குழந்தைகளை வாழ்நாள் முழுதும் பிரித்துவைத்துப் பேணவேண்டும் என்னும் கொள்கையில் எழுந்தது. 1904இல் அமைக்கப்பட்டு 1908இல் அறிக்கை அளித்த அரச ஆணையமும் பராமரிப்போடு கட்டுப்பாட்டையும் இணைத்தே சிந்தித்தது. அதன் விளைவாக உருவான 1913ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஜொசையா வெட்ஜ்வுட் தனிமனித உரிமையின் பெயரால் விடாது எதிர்த்தார். எனினும் சட்டம் பெரும்பான்மையுடன் நிறைவேறி 1914 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் ‘இடியட்’, ‘இம்பெசில்’, ‘ஃபீபிள்-மைண்டட்’, ‘மாரல் இம்பெசில்’ என நால்வகை வகுத்தது. இவற்றின் வரையறைகளை ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. வயதுவந்தோரைப் பொறுத்தவரை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் திறனும், தம் அலுவல்களைக் கவனிக்கும் திறனும் அளவுகோலாயின. குழந்தைகளைப் பொறுத்தவரையோ, ‘ஃபீபிள்-மைண்டட்’ எனும் வகை சாதாரணப் பள்ளியில் கற்பிக்கப்படுவதால் உரிய பயன்பெற நிலையாக இயலாதவர் என வரையறுக்கப்பட்டது. பள்ளி எவ்வாறு கற்பிக்கின்றது என்னும் வினாவை எழுப்பாமலே, பள்ளியால் பயனடையாமை குழந்தையின் குறையாகச் சட்டத்தில் பதிவாயிற்று.

மாவட்ட மன்றங்களும் மாவட்டத் தகுதிபெற்ற நகர மன்றங்களும் மனக்குறைபாட்டுக் குழுக்களை அமைக்க வேண்டியிருந்தது. ஏழு முதல் பதினாறு வயது வரையிலான குழந்தைகளுள் சிறப்புப் பள்ளியிலும் பயன்பெற இயலாதவர் எவர் எனக் கண்டறிந்து அக்குழுவிற்கு அறிவிப்பது கல்வி அதிகாரிகளின் கடமையாயிற்று. அவ்வாறு அறிவிக்கப்பட்டவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: நிறுவனத்தில் சேர்த்தல், பாதுகாவலரிடம் ஒப்படைத்தல், வீட்டில் இருந்தவாறே சட்டமுறைக் கண்காணிப்பில் வைத்தல். மையத்தில் கட்டுப்பாட்டு வாரியம் இவையனைத்தையும் மேற்பார்வையிட்டது.

சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் தொடங்கியது. நிறுவனங்கள் கட்டப் பணமும் ஆளும் இல்லை. ஆகவே மிகப் பலர் வீட்டிலேயே கண்காணிப்பில் இருக்க நேர்ந்தது. கண்காணிப்பு என்பதன் நடைமுறைப் பொருள், அவ்வப்போது ஒருவர் வந்து பார்த்துச் செல்லுதல் என்பதே. பகல்பொழுது முழுவதும் அக்குழந்தை என்ன செய்யும் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. அவ்விடைவெளியில்தான் பயிற்சி மையத்தின் விதை விழுந்தது.

தொழிற்பயில் மையங்கள்: தன்னார்வத்திலிருந்து கடமைக்கு

இவ்வெற்றிடத்தை முதலில் நிரப்பியவர்கள் தன்னார்வச் சங்கத்தினர். மைய மனநலச் சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றிய ஈவ்லின் ஃபாக்ஸ் இதில் முதன்மையானவர். உள்ளூர்ச் சங்கங்கள் தேவாலயக் கூடங்களையும் வாடகை அறைகளையும் பெற்று, வாரத்தில் சில நாட்கள் குழந்தைகளைக் கூட்டித் ‘தொழிற்பயில் மையங்கள்’ நடத்தின. மணி கோத்தல், கூடை முடைதல், பாய் பின்னல், இசைக்கேற்ப அசைதல், கைகழுவுதல், உணவு மேசையில் அமர்ந்து உண்ணுதல் ஆகியவை பாடங்களாயின. புலன்களின்வழி அறிவை எழுப்பலாம் என்று எதுவார் செகான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த முறையும், அதனைப் பயன்படுத்தி மரியா மாண்டிசோரி உருவாக்கிய கருவிகளும் இம்மையங்களின் பின்புலத்தில் இருந்தன.

1927ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், கண்காணிப்பிலும் பாதுகாவலிலும் உள்ளோருக்குப் பயிற்சியோ தொழிலோ அளிப்பதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. உள்ளாட்சிப் பயிற்சிப் பணிக்கு இதுவே சட்ட அடித்தளம் எனக் கொள்ளலாம். எனினும் கடமை எனச் சட்டத்தில் எழுதப்பட்டதும், அதற்கான நிதி மன்றத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறியதும் வெவ்வேறு நிகழ்வுகள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வளர்ச்சி மெதுவாகவே நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரில் நகரங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டபோது இருந்த மையங்களுள் பல மூடப்பட்டன.

இக்காலத்தில் மாற்றுச் சிந்தனையும் இல்லாமல் இல்லை. 1924இல் அமைந்து 1929இல் அறிக்கை அளித்த வுட் குழு, கற்பதில் பின்தங்கிய குழந்தைகளுள் பெரும்பாலோரைச் சான்றிதழ் முத்திரையின்றிப் பொதுக்கல்வி அமைப்பின் ஒரு பகுதியாகவே நடத்த வேண்டும் எனக் கருதியது. ஆயினும் அப்பரிந்துரை எல்லைக்கோட்டை அழிக்கவில்லை, கீழே நகர்த்தியது. மேல்நிலையினர் கல்வியின் பக்கம் சேர்க்கப்பட்டபோது, எஞ்சியவர் மேலும் தெளிவாக விலக்கப்பட்டனர்.

1944: அனைவருக்கும் கல்வி, சிலர் நீங்கலாக

வயது, ஆற்றல், இயல்பு ஆகியவற்றிற்கேற்ப ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி என்பது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் அடிக்கருத்து. இங்கிலாந்தின் இடைநிலைக் கல்வியை எல்லார்க்கும் உரியதாக்கிய அச்சட்டத்தின் 57ஆம் பிரிவே, ‘பள்ளியில் கல்விபெற இயலாதவர்’ என ஒரு குழந்தையை விலக்கவும் வழிசெய்தது. 1945ஆம் ஆண்டின் விதிகள் ஊனமுற்ற மாணவரைப் பதினொரு வகையாகப் பிரித்தன. அவற்றுள் ‘கல்விநிலையில் இயல்பிற்குக் குறைந்தோர்’ என்பது ஒன்று. அவ்வகைக்கும் கீழானவர் எனக் கருதப்பட்டோர் அப்பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

நடைமுறை இவ்வாறு அமைந்தது. இரண்டு வயது நிறைந்த எந்தக் குழந்தையையும் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுவருமாறு கல்வி அதிகாரிகள் பெற்றோருக்கு ஆணையிடலாம். பரிசோதனையில் நுண்ணறிவுச் சோதனை சிறப்பிடம் பெற்றது. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 50க்கு மேலிருப்பின் சிறப்புப் பள்ளி. கீழிருப்பின் விலக்கு என்பது பரவலான வழக்கமாயிற்று. 50 என்னும் எண் சட்டத்தில் எழுதப்பட்டதன்று. ஆனால் சட்டத்தில் எழுதப்பட்ட எதனினும் அது வலிமையுடையதாக விளங்கியது. ஒரு காலைப்பொழுதில், முன்பின் அறியாத அலுவலர் முன்னிலையில், பேச்சு முழுமையாக வராத ஒரு குழந்தை சொன்ன விடைகளிலிருந்து பெறப்பட்ட எண் அதன் எதிர்காலத்தை வரையறுத்தது.

விலக்க முடிவு செய்தால் பெற்றோருக்கு எழுத்துவழி அறிவிப்பு அனுப்பப்பட்டது. அவர்கள் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். தம் குழந்தை கல்விபெற இயலாதது என அரசு முத்திரையுடன் வந்த இக்கடிதம், பெற்றோர் இயக்கம் தோன்றிய சூழலின் ஒரு முக்கியக் கூறு. 1946இல் ஜூடி ஃப்ரைட் எனும் தாய், ‘நர்சரி வேர்ல்ட்’ இதழில் தம்மையொத்த பெற்றோரை அழைத்து எழுதிய கடிதத்திற்கு எண்ணற்ற மறுமொழிகள் வந்தன. அவ்வாறு உருவான பெற்றோர் சங்கம் 1955இல் ‘மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான தேசியச் சங்கம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று அது ‘மென்கேப்’ என அறியப்படுகின்றது.

1948 ஜூலை 5இல் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியபோது எல்லைக்கோடு புதிய வடிவம் பெற்றது. பழைய காப்பகங்கள் மருத்துவமனைகளாக மாறி வட்டார வாரியங்களின்கீழ்ச் சென்றன. வீட்டில் வாழ்ந்தோரின் பொறுப்பு, உள்ளாட்சிச் சுகாதாரத்துறையிடமும் அதன் தலைவரான மருத்துவ அலுவலரிடமும் வந்தது. நோயாளியல்லாத குழந்தை, தடுப்பூசியையும் தாய்சேய் நலத்தையும் கவனித்த துறையின் பொறுப்பாயிற்று. இதன் விளைவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. அக்கறையுள்ள மருத்துவ அலுவலரும் பணவசதியும் வாய்த்த மன்றத்தில் நல்ல மையம் எழுந்தது. பிற இடங்களில் குழந்தை வீட்டிலேயே இருந்தது. மையமில்லா ஊரில் பெற்றோரின் உடல்நலம் குன்றினால், தொலைவிலுள்ள மருத்துவமனையே எஞ்சிய வழியாக இருந்தது.

1959க்குப் பின்: பயிற்சி மையத்தின் உள்ளே

1954இல் அமைந்த பெர்சி ஆணையம் 1957இல் அளித்த அறிக்கை, நிறுவனத்தினின்று சமூகத்திற்குப் பராமரிப்பு நகரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. பழைய வகைப்பெயர்கள் மறைந்து, ‘இயல்பிற்குக் குறைந்த நிலை’, ‘கடுமையாகக் குறைந்த நிலை’ எனும் பெயர்கள் வந்தன. பயிற்சி மையங்களை நடத்துவது அமைச்சரின் ஆணையால் உள்ளாட்சி மன்றங்களின் தெளிவான கடமையாயிற்று. 57ஆம் பிரிவும் திருத்தப்பட்டது; ‘கல்விபெற இயலாதவர்’ என்பது ‘பள்ளிக்கல்விக்குப் பொருந்தாதவர்’ என மாறியது. முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமையும் பெற்றோருக்கு அளிக்கப்பட்டது. சொல் மென்மையுற்றது, கோடு அழியவில்லை.

எனினும் கட்டடங்கள் எழுந்தன. 1963இல் வெளியான சமூகப் பராமரிப்புத் திட்ட ஆவணத்தில் உள்ளாட்சி மன்றங்களின் பத்தாண்டுத் திட்டங்கள் தொகுக்கப்பட்டபோது, பயிற்சி மையங்கள் அவற்றில் முக்கிய இடம்பெற்றன. பதினாறு வயதிற்குட்பட்டோருக்கு ‘இளையோர் பயிற்சி மையம்’, மூத்தோருக்கு ‘வயதுவந்தோர் பயிற்சி மையம்’ என இருபிரிவு ஏற்பட்டது. உடற்குறையும் சேர்ந்து மிகுந்த உதவி தேவைப்பட்ட குழந்தைகளுக்குச் ‘சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகள்’ இணைக்கப்பட்டன. மன்றத்தின் பேருந்து துணையாளருடன் வீடுதோறும் சென்று குழந்தைகளை அழைத்துவந்தது.

மையத்தில் பணியாற்றியோர், பெரும்பாலும் பெண்கள், ஆசிரியர் என அழைக்கப்படவில்லை. ‘கண்காணிப்பாளர்’, ‘துணைக் கண்காணிப்பாளர்’ என்பனவே அவர்தம் பதவிப்பெயர்கள். அவர்களுள் பயிற்சிபெற்றோர் குறைவு. தேசிய மனநலச் சங்கம் நடத்திய பட்டயப் படிப்பே அவர்களுக்கிருந்த முக்கிய வாய்ப்பு. அவர்கள் செய்த பணியைப் பகுத்துநோக்கின் அது எவ்வாறு கல்வியாகாது என விளக்குதல் அரிது. காலணி அணிதலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கடைசிப் படியிலிருந்து கற்பித்தல், நிறங்களை வகைப்படுத்தல், படத்தைக் காட்டிப் பெயர் சொல்லவைத்தல், கடைக்கு அழைத்துச்சென்று காசு எண்ணவைத்தல், சாலையோர எச்சரிக்கைச் சொற்களை அடையாளங்காண வைத்தல் ஆகியவை அனைத்தும் கற்பித்தலே. இவற்றுள் சில மழலையர் பள்ளியில் நிகழ்ந்தபோது கல்வி எனப்பட்டன. பயிற்சி மையத்தில் நிகழ்ந்தபோது பயிற்சி எனப்பட்டன. செயல் ஒன்றாக இருக்க, நிகழ்ந்த கட்டடமும் அதனை நடத்திய துறையுமே பெயரை மாற்றின.

இம்மையங்களை வெறும் விலக்கிடங்களாக மட்டும் காண்பது பொருந்தாது. மருத்துவமனையின் நீண்ட கூடங்களில் வளர்ந்த குழந்தைகளோடு ஒப்பிடின், மாலையில் வீடு திரும்பிய குழந்தைக்குக் குடும்பமும் தெருவும் இழக்கப்படவில்லை. தாய்க்குப் பகலில் சில மணிநேர ஓய்வு கிடைத்தது. எனினும் மையத்தில் சேர்வது குழந்தைக்குச் சட்டம் அளித்த கல்வியுரிமையன்று. கல்வியுரிமை மறுக்கப்பட்டதன் விளைவாகக் கிடைத்த சேவை. இவ்வேறுபாடே பெற்றோரின் குறையாக நீடித்தது.

கோடு அழிந்தமை

எல்லைக்கோட்டை மூன்று திசையிலிருந்து வந்த அழுத்தங்கள் தளர்த்தின.

முதலாவது, ஆய்வு. உளவியலாளர் ஜாக் டிசார்ட், லண்டனிலிருந்த ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 குழந்தைகளைச் சர்ரே மாவட்டத்தில் ரீகேட் அருகே ‘ப்ரூக்லண்ட்ஸ்’ எனும் பெரிய இல்லத்திற்கு 1958இல் மாற்றி, சிறு குடும்பக் குழுக்களாக, மழலையர் பள்ளி முறையில் வளர்க்க ஏற்பாடு செய்தார். அவர்களுக்கு ஒத்த 16 குழந்தைகள் மருத்துவமனையிலேயே இருந்தனர். இரண்டாண்டுகளில் ப்ரூக்லண்ட்ஸ் குழந்தைகளின் மொழிசார் மனவயது சராசரியாக 14 மாதங்கள் உயர, மருத்துவமனைக் குழந்தைகளினது 6 மாதங்களே உயர்ந்தது. குழந்தையின் குறையெனக் கருதப்பட்டதில் ஒரு பகுதி, அதனை வைத்திருந்த இடத்தின் குறை என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. டிசார்டும் நீல் ஓ’கானரும் 1956இல் வெளியிட்ட நூலும் இத்திசையில் முன்னரே வழிகாட்டியிருந்தது.

இரண்டாவது, பணியாளர் பயிற்சி. 1962இல் வெளியான ஸ்காட் குழு அறிக்கை மையப் பணியாளருக்கு முறையான பயிற்சியை வலியுறுத்தியது. 1964இல் அதற்கெனத் தனிப் பயிற்சிக் குழு அமைந்தது. அக்குழுவின் பெயரில் ‘ஆசிரியர்’ எனும் சொல் இடம்பெற்றமை கருதத்தக்கது. கற்பிப்பவர் ஆசிரியர் எனின், அவரிடம் கற்பவர் கல்விபெற இயலாதவர் என எவ்வாறு கூறவியலும்? சுகாதாரத்துறை தன் மையங்களைச் செம்மைப்படுத்த மேற்கொண்ட நடவடிக்கையே, அம்மையங்கள் அத்துறையிடம் இருப்பதன் நியாயத்தைக் குலைத்தது.

மூன்றாவது, பொதுக்கருத்து. பெற்றோர் சங்கத்தின் தொடர்முயற்சியோடு, தலைமையாசிரியர் ஸ்டான்லி சீகல் 1967இல் வெளியிட்ட நூல், கல்விபெற இயலாத குழந்தை எவருமில்லை என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தது. 1969இல் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனை பற்றிய விசாரணை அறிக்கை வெளியாகி, நிறுவனங்களில் நிகழ்ந்த கொடுமைகளை நாடறியச் செய்தது. அதே ஆண்டில் வெளியான பாலின் மாரிசின் ஆய்வும் மருத்துவமனைகளின் நிலையை விரிவாகப் பதிவுசெய்தது.

1970 ஜூனில் ஆட்சி மாறியபோதும் கொள்கை மாறவில்லை. மார்கரெட் தாட்சர் கல்வி அமைச்சராக இருந்த ஜூலை மாதத்தில், ஊனமுற்ற குழந்தைகளுக்கான கல்விச் சட்டம் நிறைவேறியது. பள்ளிக்கல்விக்குப் பொருந்தாதவர் என எந்தக் குழந்தையையும் வகைப்படுத்தும் அதிகாரம் அச்சட்டத்தால் ஒழிந்தது. 1971 ஏப்ரல் 1இல் அது நடைமுறைக்கு வந்தபோது, இளையோர் பயிற்சி மையங்களிலும் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகளிலும் இருந்த ஏறத்தாழ 24,000 குழந்தைகளும், சுமார் 100 மருத்துவமனைகளில் இருந்த ஏறத்தாழ 8,000 குழந்தைகளும் கல்வித்துறையின் பொறுப்பாயினர். ஏறத்தாழ 400 புதிய சிறப்புப் பள்ளிகள் உருவாயின. ஸ்காட்லாந்தில் இம்மாற்றம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிகழ்ந்தது.

மதிப்பீடு

இம்மாற்றத்தின் பொருளைக் குறைத்தும் மிகைத்தும் கூறவியலும். 1971 ஏப்ரல் முதல் நாள் காலையில் பெரும்பாலான குழந்தைகள் அதே பேருந்தில் அதே கட்டடத்திற்கே சென்றனர். அங்கு அதே பணியாளர்களே இருந்தனர். மாறியது பெயர்ப்பலகை என ஒருவர் கூறலாம். ஆயின் அப்பெயர்ப்பலகையின் பின்னால் பள்ளி ஆய்வாளரின் வருகையும், ஆசிரியர் ஊதியமும், கல்விக் கருவிகளுக்கான நிதியும், பெற்றோரின் உரிமையும் வந்தன. சட்டம் மாற்றியது குழந்தையின் நிலையை அன்று. குழந்தைமுன் அரசு நிற்கும் நிலையை எனலாம்.

குறைகளும் தொடர்ந்தன. பல ஆண்டுகள் மையங்களில் உழைத்துப் பட்டயம் பெற்றவர்களும், தகுதிபெற்ற ஆசிரியர் எனும் நிலையை அடையப் பணியனுபவம் காட்ட வேண்டியிருந்தது. பதினாறு வயதைக் கடந்தோர், அதே காலத்தில் உருவாகிய உள்ளாட்சிச் சமூகப்பணித் துறைகளின்கீழ் வயதுவந்தோர் மையங்களுக்கே சென்றனர். கல்விக்கும் பயிற்சிக்குமான பழைய பிரிவு வயதின் எல்லையில் மீண்டும் தலைகாட்டியது. ‘கல்விநிலையில் இயல்பிற்குக் குறைந்தோர்’ எனும் வகை ‘மிதமான’, ‘கடுமையான’ என இரண்டாகப் பிளந்தது. நுண்ணறிவுச் சோதனையும் நீடித்தது. மேற்கிந்தியக் குடியேறிகளின் குழந்தைகள் அவ்வகைப் பள்ளிகளில் மிகையாகச் சேர்க்கப்பட்டதைப் பெர்னார்டு கோர்டு 1971இல் வெளியிட்ட சிறுநூல் வெளிப்படுத்தியமை, வகைப்படுத்தல் எனும் கருவியின் ஆபத்து ஒரு சட்டத்தால் தீரவில்லை என்பதைக் காட்டுகின்றது. வகைப்பெயர்களைக் கைவிட்டுக் குழந்தையின் தேவையை மையமாக்கும் சிந்தனை 1978ஆம் ஆண்டு வார்னாக் அறிக்கையிலும், அதனையொட்டிய 1981ஆம் ஆண்டுச் சட்டத்திலுமே உருப்பெற்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. கல்வி, பயிற்சி என்னும் பிரிவு கற்பித்தலின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. மானிய விதியும் கட்டாய வருகையும் வகுப்பறையில் உண்டாக்கிய நெருக்கடியிலிருந்து பிறந்தது. 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நிருவாக உருவம் தந்தது. நுண்ணறிவு ஈவு அதற்கு அறிவியலின் தோற்றம் தந்தது. அனைவருக்கும் கல்வி என்ற 1944ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை அகற்றவில்லை. உள்ளாட்சிச் சுகாதாரத்துறையின் மையங்கள் இவ்விலக்கலின் கருவியாக அமைந்தன. அதே வேளையில் இக்குழந்தைகள் கற்கக்கூடியவர்கள் என்பதை நாள்தோறும் மெய்ப்பித்த இடங்களாகவும் விளங்கின.

சட்ட வரலாற்றில் அமைச்சர்களின் பெயர்களும் ஆணையங்களின் பெயர்களும் நிலைத்திருக்கின்றன. வாடகைக் கூடங்களில் பொத்தான் மாட்டவும் பெயர் சொல்லவும் கற்பித்த கண்காணிப்பாளர்களின் பணி பெரும்பாலும் மன்றங்களின் ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கைகளாக மட்டுமே எஞ்சியுள்ளது. மருத்துவ அலுவலர்களின் அவ்வாண்டறிக்கைகளை ஊர்வாரியாக ஒப்பிட்டு ஆராய்தல், கொள்கையின் வரலாற்றினின்றும் கற்பித்தலின் வரலாற்றைப் பிரித்தறிய உதவும். ஒரு குழந்தையைக் கற்க இயலாதது எனக் கூறுமுன், அதற்குக் கற்பிக்க முயன்றவர் யார், எவ்வளவு காலம், எத்தகைய இடத்தில் என்னும் வினாக்களை எழுப்ப வேண்டும் என்பதே இவ்வரலாறு கல்வியாளர்க்கு விட்டுச்செல்லும் பாடமாகும்.